ஒரு செவிக்கு மட்டும்: வீட்டுத் திரையிலிருந்து ஒலி பிரிந்த வரலாறு

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் இன்று ஒரு சிறு வரி காணப்படுகிறது: புளூடூத் ஹெட்ஃபோனை இணைத்தல். படம் சுவரில் இருக்க, அதன் ஒலி மட்டும் ஒருவருடைய காதுக்குப் போகிறது. எளிய வசதியாகத் தோன்றும் இவ்வேற்பாட்டின் பின்னால் நூற்று நாற்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு. ஹெட்ஃபோன் என்றதும் தனிமை, விலகல், நகரத்து மனிதனின் ஒதுக்கம் ஆகியவற்றைப் பேசுவது பண்பாட்டு ஆய்வுகளின் வழக்கமாகிவிட்டது. ஆனால் இக்கருவி வீட்டுக்குள் நுழைந்த வழியைப் பின்தொடர்ந்தால், வேறொரு கேள்வி மேலெழுகிறது: ஓர் அறையில் பலர் சேர்ந்து வாழும்போது, அவ்வறையின் ஒலி யாருக்கு உரியது?

இதன் தொடக்கத்தைப் பாரிஸில் காணலாம். 1881இல் அங்கு நடைபெற்ற பன்னாட்டு மின்சாரக் கண்காட்சியில், பொறியாளர் கிளெமான் அதேர், ஓபேரா அரங்கின் மேடையில் வைத்த ஒலிவாங்கிகளிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இசையைக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் காதுக்கு ஒன்றாக இரு கேட்பான்களைப் பிடித்துக்கொண்டு கேட்டனர். மேடையில் பாடகர் நகர்வதைச் செவியாலேயே உணர முடிந்தது. தெயாத்ரோஃபோன் என்ற பெயரில் இது 1890 முதல் வணிகச் சேவையாகி 1932 வரை நீடித்தது. புடாபெஸ்டில் 1893இல் தொடங்கிய டெலிஃபோன் ஹிர்மொண்டோ, செய்திகளையும் இசையையும் இவ்வாறே வீடுகளுக்கு அனுப்பியது. இங்கெல்லாம் காதோடு கருவியை ஒட்டிக் கேட்டதற்குக் காரணம் தனிமை விருப்பம் அன்று. மின்சைகையைப் பெருக்கும் வெற்றிடக் குழாய் அப்போது இல்லை. வந்துசேரும் ஒலி அறையை நிரப்பும் வலிமை அற்றிருந்தது. எனவே காது ஒலியைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

வானொலியின் முதற்கட்டமும் இத்தகையதே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் உருவாக்கிய, நுண்ணிய ஒலியையும் எழுப்பவல்ல ஹெட்ஃபோன்களை 1910 அளவில் அமெரிக்கக் கடற்படை வாங்கத் தொடங்கியது. இந்தியத் தொடர்பு இக்கதையில் இன்னும் ஆழமானது. ஜகதீஷ் சந்திர போஸ் 1901இல் விண்ணப்பித்து 1904இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, கலீனா போன்ற படிகங்களைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவியைப் பற்றியது. படிக உணரிகளின் முன்னோடி ஆவணங்களுள் அது ஒன்று. 1920களின் படிக வானொலிப் பெட்டிக்கு மின்கலம் வேண்டியதில்லை. வானில் வந்த அலையின் ஆற்றலே ஹெட்ஃபோனின் தகட்டை அதிரச் செய்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923இலும், சென்னையில் 1924இலும் வானொலி மன்றங்கள் தோன்றின. 1927இல் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி பம்பாய், கல்கத்தா நிலையங்களைத் தலா 1.5 கிலோவாட் திறனில் தொடங்கியது. கேட்பவர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

அக்காலத்துக் குடும்பங்கள் கையாண்ட ஓர் உத்தி குறிப்பிடத்தக்கது. ஹெட்ஃபோனைக் கிண்ணமொன்றில் வைத்தால், கிண்ணத்தின் சுவர்கள் மோதி ஒலி சற்றே பெருகும். அதைச் சுற்றிப் பலர் தலைகுனிந்து கேட்கலாம். வேறு சிலர் இரு கேட்பான்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொண்டனர். ஒருவருக்கெனச் செய்யப்பட்ட கருவியைப் பலருக்காக்கும் முயற்சி, இவ்வாறு அக்கருவியின் பிறப்போடு உடன்பிறந்தது.

வெற்றிடக் குழாய்ப் பெருக்கியும் ஒலிபெருக்கியும் பரவியபோது நிலைமை தலைகீழாயிற்று. ஒலி அறைக்கு உரியதாயிற்று. அறை குடும்பத்துக்கு உரியதாகையால், ஒலியும் பொதுவாயிற்று. இந்தியாவில் இப்பொதுமை வீட்டையும் தாண்டியது. ஊருக்கு ஒரு வானொலி, தெருவுக்கு ஒரு தொலைக்காட்சி என்ற நிலையே நெடுங்காலம் நிலவியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் சமுதாயத் தொலைக்காட்சிப் பெட்டிகளை நிறுவியது. அங்கே திரையின் முன் அமர்ந்தவர் எவரும் தமக்கெனத் தனியே ஒலியைக் கேட்டவரல்லர். உரையாடலின் நடுவே குழந்தை அழும், முதியவர் விளக்கம் கேட்பார், அடுத்திருப்பவர் பதில் சொல்வார். கேட்டல் என்பது கூட்டுச் செயலாக இருந்தது.

ஆனால் கூட்டுச் செயலுக்குள் படிநிலையும் உண்டு. ஒலியளவைக் கூட்டும் குமிழ் யார் கையில் இருந்தது என்பதை எந்தக் குடும்ப வரலாறும் எளிதில் சொல்லிவிடும். தேர்வுக்குப் படிக்கும் மகள், இரவுப்பணி முடித்து உறங்கும் மருமகன், செவித்திறன் குறைந்ததால் ஒலியைக் கூட்டச் சொல்லத் தயங்கும் பாட்டி ஆகியோர், பொது ஒலியின் பொதுமைக்குள் முழுமையாக அடங்காதவர்கள். ஹெட்ஃபோனின் இரண்டாம் வருகையை இப்பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் வெளியிட்ட ஸ்டீரியோ ஹெட்ஃபோன், இசை கேட்பதற்கென்றே அமைந்தது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வாக்மனை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் மாதிரியில் ஹெட்ஃபோனுக்கு இரண்டு துளைகள் இருந்தன. தாம் வீட்டில் அதைச் சோதித்தபோது மனைவி தாம் புறக்கணிக்கப்பட்டதாக உணர்ந்ததே அதற்குக் காரணம் என்று அகியோ மொரிட்டா தம் நினைவு நூலில் எழுதுகிறார். அழுத்தினால் இசை தாழ்ந்து, உள்ளமைந்த ஒலிவாங்கி வழியே அருகிலிருப்பவரின் குரல் கேட்கும் பொத்தான் ஒன்றும் அதில் இருந்தது. பின்வந்த மாதிரிகளில் இவ்விரண்டும் மறைந்தன. ஷுஹேய் ஹோசோகாவா 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், பால் டு கே முதலானோர் 1997இல் வெளியிட்ட நூலும் வாக்மனைப் பண்பாட்டு ஆய்வின் மையப்பொருளாக்கின. எனினும் இவ்வாய்வு மரபு பெரிதும் தெருவில் நடக்கும் தனிமனிதரையே நோக்கியது. வீட்டுத் திரையின் முன் ஹெட்ஃபோன் அணிந்து அமர்ந்தவர் அதன் பார்வையில் அரிதாகவே பட்டார்.

வீட்டில் ஹெட்ஃபோனுக்குத் தடையாக இருந்தது கம்பி. திரைக்கும் இருக்கைக்கும் இடையே பத்தடி தூரம். கம்பி நீண்டால் காலில் இடறும். 1970களில் அகச்சிவப்புக் கதிர்வழி இயங்கும் ஹெட்ஃபோன்கள் வந்தன. ஒளியின் இயல்புடைய அக்கதிர், இடையில் ஒருவர் நின்றால் மறைந்துவிடும். வானலைவழித் தீர்வு வலுப்பெற மேலும் இருபதாண்டுகள் சென்றன.

அத்தீர்வில் பயன்பட்ட அதிர்வெண் துள்ளல் என்னும் கருத்துக்கு இசையோடு தொடர்புடைய ஒரு முன்கதை உண்டு. நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942 ஆகஸ்டில் ஒரு காப்புரிமை பெற்றனர். நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் வானலையைப் பகைவர் குலைக்காதிருக்க, அனுப்பியும் ஏற்பியும் ஒரே ஒழுங்கில் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தானியங்கி பியானோவின் துளையிட்ட தாள்சுருளை ஒத்த அமைப்பையும், பியானோவின் கட்டைகளைப் போல 88 அதிர்வெண்களையும் அவர்கள் முன்மொழிந்தனர். புளூடூத்தை அதன் நேரடி வாரிசு என்பது மிகைக்கூற்று. கருத்தளவிலான உறவு மட்டும் உண்டு. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய பணி, 1998இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களின் கூட்டமைப்பாக விரிந்தது. அவர்கள் வகுத்த முறையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை சைகை துள்ளுகிறது. ஸ்டீரியோ இசையை அனுப்பும் ஏ2டிபி என்னும் நெறிமுறை 2003இல் வந்தது. இந்திய அரசு 2005 ஜனவரியில் இவ்வலைவரிசையில் குறைதிறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என அறிவித்தது. உரிமக் கட்டணத்தோடு தொடங்கிய நாட்டில், காதுக்கு வரும் வானலை உரிமமற்றதாயிற்று.

ஸ்ட்ரீமிங் பெட்டிகளின் கதை 2008இல் ரோகு வெளியிட்ட முதல் கருவியிலிருந்து விரைவு பெறுகிறது. அப்பெட்டிகள் பெரும்பாலும் படத்தையும் ஒலியையும் ஒன்றாகவே தொலைக்காட்சிக்கு அனுப்பின. ஒலியை மட்டும் ஒருவருடைய காதுக்குப் பிரிப்பது எளிதாக இருக்கவில்லை. 2013இல் வந்த ரோகு 3 இதற்கு வேடிக்கையான விடை கண்டது: தொலையியக்கியிலேயே ஹெட்ஃபோன் துளையை வைத்து, பெட்டியிலிருந்து தொலையியக்கி வரை வைஃபை வழியே ஒலியை அனுப்பியது. துளையில் கம்பியைச் செருகியதும் தொலைக்காட்சி வாய்மூடியது. 2015இல் வந்த ஆப்பிள் டிவி புளூடூத் ஹெட்ஃபோனை நேரடியாகவே ஏற்றது.

இவற்றுக்கு இணையாக, நிறுவனங்களுக்கு வெளியே மற்றொரு மரபு வளர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக 2002இல் ஆர்வலர்கள் தொடங்கிய ஊடக இயக்கி, 2014இல் கோடி என்று பெயர் மாற்றம் பெற்றது. 2012 பிப்ரவரி 29 அன்று வெளியான ராஸ்பெரி பை என்னும் மலிவுக் கணினி அதற்கு ஏற்ற உடலாயிற்று. அக்கணினி தயாராகும் வேல்ஸ் நாட்டுப் பென்கோய்ட் ஆலை, முன்பு தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்த சோனி ஆலை என்பது வரலாற்றின் சிறு வளைவு. முதலில் புளூடூத்துக்கு யுஎஸ்பி துண்டு ஒன்றைச் செருக வேண்டியிருந்தது. 2016இல் வந்த ராஸ்பெரி பை 3 அதை உள்ளேயே கொண்டிருந்தது. வன்பொருள் இருந்தும் வேலை முடியவில்லை. லினக்ஸில் 2001 முதல் வளர்ந்த புளூஇசட் நிரல் ஹெட்ஃபோனை அடையாளம் கண்டு இணைக்கும். பல்ஸ்ஆடியோ போன்ற ஒலிவழங்கி, இயக்கியிலிருந்து வரும் ஒலியை எச்டிஎம்ஐ பாதையிலிருந்து திருப்பி ஹெட்ஃபோனுக்குச் செலுத்தும். மூன்றும் ஒன்றையொன்று அறிந்தால்தான் காதில் ஒலி விழும். இவ்விணைப்பைச் சாத்தியமாக்கியவர்களுள் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்களும் உண்டு.

ஒலி வந்தபின் எழுந்தது காலத்தின் சிக்கல். புளூடூத்தில் ஒலி சிறு பொதிகளாகச் சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, தேக்கிவைக்கப்பட்டு, மீண்டும் விரிக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமான எஸ்பிசி சுருக்கமுறையில் இதற்கு நொடியின் பத்திலொரு பங்குக்கு மேல் ஆவது இயல்பு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ மனிதர் அதை உணரத் தொடங்குவர். இடி மின்னலுக்குப் பின்னரே கேட்கும் உலகில் வாழும் மனித மூளை, தாமதத்தைப் பொறுக்கும் அளவுக்கு முந்துதலைப் பொறுப்பதில்லை. இயக்கிகள் கண்ட தீர்வு எளியது: ஒலியை விரைவுபடுத்த இயலாதாகையால் படத்தைத் தாமதப்படுத்தின.

இத்தீர்வுக்குள்தான் இக்கட்டுரையின் மையச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஹெட்ஃபோனுக்கு ஏற்பப் படத்தைத் தாமதித்தால், தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியில் உதடுகளுக்கு முன்பே சொற்கள் வந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய, ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனித் தாமதம் கணக்கிட வேண்டும். பல பெட்டிகள் அவ்வுழைப்பைத் தவிர்த்து எளிய வழியைத் தேர்ந்தன: ஹெட்ஃபோன் இணைந்ததும் அறையின் ஒலியை நிறுத்திவிட்டன. ஏ2டிபி நெறிமுறையும் ஓர் அனுப்பிக்கு ஓர் ஏற்பி என்ற அமைப்பிலேயே வகுக்கப்பட்டிருந்தது. விளைவு, செவித்திறன் குறைந்த பாட்டிக்குத் தெளிவாகக் கேட்கும் கணத்தில் குடும்பத்தின் மற்றவர்க்கு ஒன்றும் கேட்காது. அவர் கேட்க வேண்டுமானால் தனித்துக் கேட்க வேண்டும். சேர்ந்திருக்க வேண்டுமானால் கேளாதிருக்க வேண்டும். பொறியியல் வசதிக்காக எடுக்கப்பட்ட முடிவு, சமூக முடிவாக மாறும் இடம் இது.

இந்தியச் சூழலில் இதன் கனம் கூடுதல். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடும்பங்களில் 37 விழுக்காடு ஓர் அறையே கொண்ட வீடுகளில் வாழ்ந்தன. தொலைக்காட்சி இருந்த குடும்பங்கள் 47 விழுக்காடு. ஆளுக்கோர் அறை இருக்கும் வீட்டில் ஹெட்ஃபோன் ஒரு விருப்பம். ஓரறை வீட்டிலோ அது கண்ணுக்குத் தெரியாத சுவர். படிப்பவருக்கும் உறங்குபவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் தருவது. மேலைநாட்டு ஆய்வுகள் விலகலின் அடையாளமாகக் கண்ட அதே கருவியை, இங்கே ஒருவரோடொருவர் ஒத்துவாழும் வழியாகவும் காண இடமுண்டு.

தொழில்நுட்பம் இதை மெல்ல உணர்கிறது. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ, தாமதம் குறைந்த புதிய சுருக்கமுறையையும் செவித்துணைக் கருவிகளுக்கான ஆதரவையும் கொண்டது. 2022இல் ஆராகாஸ்ட் எனப் பெயரிடப்பட்ட அதன் ஒலிபரப்பு வசதி, ஒரே அனுப்பியிலிருந்து எண்ணற்ற காதுகள் கேட்க வழிசெய்கிறது. ஜோசஃப் பாலியாக்கோஃப் 1937இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற காந்தத் தூண்டல் வளையம் செவித்துணைக் கருவி அணிந்தோர்க்கு அரங்குகளில் செய்த உதவியை, இது வீட்டுக்கும் கொண்டுவரக்கூடும். கிண்ணத்தில் ஹெட்ஃபோனை வைத்துச் சுற்றி அமர்ந்தவர்களும், வாக்மனில் இரண்டாம் துளையைக் கேட்டவரும் வேண்டியது இதைத்தான்.

ஆகவே, ஸ்ட்ரீமிங் பெட்டிகளை இனி ஆராய்பவர்கள் எத்தனை ஹெட்ஃபோன்கள் விற்றன என்பதோடு நின்றுவிடாமல், ஒருவர் அதை அணிந்தபோது அறையிலிருந்த மற்றவர்க்கு என்ன கேட்டது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். வீட்டின் ஒலி வரலாறு அவர்கள் இருவரையும் சேர்த்தே எழுதப்பட வேண்டியது.