முடக்குவாதமும் நுரையீரலும்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மூட்டில் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆன்டி-சிசிபி, ஆர்.எஃப். ஆகிய எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தோன்றிவிடலாம். இவை உருவாகும் இடங்களுள் ஒன்று நுரையீரல் என்பது இன்று வலுப்பெற்றுள்ள கருத்து. புகையும் தூசியும் மூச்சுக்குழாய்ச் சவ்வை அழற்றும்போது அங்குள்ள புரதங்களின் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. மரபுவாகு உள்ளவரின் உடல் இப்படி மாறிய புரதத்தை அந்நியமாகக் கருதித் தாக்குகிறது. மூட்டழற்சியே இல்லாமல் இந்த எதிர்ப்பொருள்கள் மட்டும் உள்ளவர்களின் சி.டி. ஸ்கேனிலும் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்திருப்பது 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. 2018இல் எம்.யு.சி.5பி மரபணு மாற்றம், முடக்குவாதத்தோடு வரும் நுரையீரல் தழும்பேற்றத்துடன் இணைக்கப்பட்டது.

திருவனந்தபுரத்தில் 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்குக் குமரி மாவட்டத் தமிழரும் சிகிச்சைக்குச் செல்கின்றனர். அந்நகரின் புலையனார்கோட்டையில் அரசு நெஞ்சுநோய் மருத்துவமனை உள்ளது. இத்தகைய மருத்துவமனைகளுக்கு வரும், காலையில் விரல்கள் மடங்க மறுக்கும் நோயாளியிடம் வறட்டு இருமலையும், படியேறும்போது வாங்கும் மூச்சையும் கேட்டறிவது அவசியம். மூட்டுவலியால் நடமாட்டம் குறைந்தவருக்கு மூச்சிரைப்பு வெளியே தெரியாமல் போகலாம். நுரையீரல் தழும்பேற்றம் இருந்தால், முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது வெல்க்ரோ பிரிப்பதுபோன்ற ஓசை கேட்கலாம். எக்ஸ்ரே அதன் தொடக்கநிலையைத் தவறவிடலாம். ஆன்டி-சிசிபி இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பீடி, சிகரெட்டை விடுவது எல்லோருக்கும் நல்லது.