சம்பூர்: நிலக்கரியிலிருந்து வெயிலுக்கு

உப்புவெளிக்குத் தெற்கே, திருகோணமலை நகரையும் கொட்டியாரக் குடாவையும் தாண்டினால் சம்பூர். புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் எனக்கு அவ்வூரே நினைவுக்கு வருகிறது. வளம் உண்டு, பணம்தான் இல்லை என்பர் பலர். சம்பூரின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

இந்தத் தாமதம் இலங்கைக்குப் புதிதன்று. மலையக ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் கட்டுரை சமர்ப்பித்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். இடையே கழிந்தவை 32 ஆண்டுகள்.

2006 இல் போர் சம்பூர் மக்களைத் துரத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியத் தேசிய அனல்மின் கழகத்துடன் நிலக்கரி மின்நிலையத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஊரவர் கிளிவெட்டி முகாம்களில் இருக்க, அவர்களது மண்ணில் 500 மெகாவாட் திட்டம் வரையப்பட்டது. சுற்றாடல் வழக்கொன்றின்போது, 2016 செப்டம்பரில், திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

பின்னரே வெயில் கண்ணிற்பட்டது. 2022 மார்ச்சில் சூரியமின் திட்டத்துக்கு ஒப்பந்தம். 2025 ஏப்ரல் 5 இல் 120 மெகாவாட் நிலையத்துக்குத் தொடக்க விழா. நிலக்கரிக்குக் கையொப்பமிட்ட நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல்.

தடை எங்கே? நமது மின்தேவை உச்சம் பெறுவது இரவில், வெயிலோ நண்பகலில். சேமிப்பு மின்கலங்களும் வலுவான மின்வடங்களும் இன்றேல், விளையும் மின்சாரமே சுமையாகிவிடும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு அதிகாரிகள் கேட்டுக்கொண்டது இதனால்தான். விலை நிர்ணயத்திலும் உறுதியில்லை. கேள்விப்பத்திரம் கோராமல் வழங்கப்பட்ட மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் விலைச் சர்ச்சையில் சிக்கியது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. 2030 இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்ற இலக்கு இத்தகைய தடுமாற்றங்களோடு எட்டக்கூடியதன்று.

நிலக்கரியைவிட வெயில் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எரிபொருள் மாறியது. முடிவெடுக்கும் முறை மாறவில்லை. முன்னர் கொழும்பும் புதுடில்லியும் பேசின. பின்னரும் அவையே பேசின. வயலையும் மேய்ச்சல் தரையையும் இழந்தவர்களுக்கு அம்மின்சாரத்தின் வருவாயில் ஒரு பங்கு எழுத்தில் உறுதிசெய்யப்படல் வேண்டும். அதுவரை, அது தூய மின்சாரமாக இருக்கலாம். நியாயமான மின்சாரம் ஆகாது.