நெகிழ்வட்டு முதல் கைப்பேசி வரை



ரப்பர் மரத்தின் வெள்ளை வேர்நோய் வேருக்கு வேர் பரவுவதை அறிவீர்கள். கணினிக்கும் அத்தகைய தொற்று உண்டு. அது உயிரன்று, மனிதர் எழுதிய கட்டளைத் தொகுப்பே.

1986-இல் லாகூர் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' நச்சுநிரல், கைமாறிய நெகிழ்வட்டுகளில் பரவியது. 1988 நவம்பரில் அமெரிக்காவில் 'மோரிஸ் புழு', எவர் கையும் படாமல் இணையத்தில் தானே ஊர்ந்தது. 2000 மே மாதம் மணிலாவில் புறப்பட்ட 'ஐ லவ் யூ' மின்மடலோ, காதல் கடிதமென்று நம்பித் திறந்தவருடைய நண்பர்க்கெல்லாம் தன்னையே அனுப்பிக்கொண்டது.

அந்த ஏமாற்று வித்தைதான் இன்று மலேசியாவில் கல்யாணப் பத்திரிகை வேடத்தில் வாட்ஸ்அப்பில் வருகிறது. வேடமிடும் இவ்வகையை 'டுரோஜன்' என்பர். அந்த 'ஏ.பி.கே.' கோப்பைப் பதித்தால், வங்கி அனுப்பும் ரகசிய எண் திருடனிடம் போகும். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போயிருந்தால் உடனே 997-ஐ அழையுங்கள்.