குப்புறப் படுத்த எஃப்

கைப்பேசிக்கு ஆன்டெனா வடிவமைப்பவர்கள் அன்றாடம் சொல்லும் பெயர் 'பிஃபா'. 'பிளேனர் இன்வெர்டட் எஃப் ஆன்டெனா' என்பதன் சுருக்கம். இதன் கடைசிச் சொல்லே எல்லாவற்றிலும் மூத்தது.

லத்தீனில் 'ஆன்டெனா' என்பது பாய்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டை. கிரேக்கத்தில் 'கெராயா' என்ற ஒரே சொல் கொம்பையும் அந்தக் கட்டையையும் குறிக்கும். அதனால் 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை லத்தீனில் பெயர்த்த தியடோர் காசா, பூச்சிகளின் உணர்கொம்புக்கு 'ஆன்டெனா' என்று எழுதினார். இத்தாலியில் கம்பத்துக்கும் அதே பெயர்தான். 1895இல் மார்க்கோனி தம் சோதனைகளில் கம்பியை உயர்த்திக் கட்டியபின், அப்பெயர் கம்பிக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்தது எழுத்தின் கதை. அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள கம்பி நன்றாக வேலை செய்யும். நெட்டலைகளுக்கு அவ்வளவு உயரக் கம்பம் நட முடியாது. எனவே அயர்லாந்தின் கிளிஃப்டன் நிலையத்தில் மார்க்கோனி கம்பியைக் கொஞ்ச தூரம் மேலேற்றி, மிச்சத்தைக் கிடையாக இழுத்தார். நம் 'ட'வைக் கவிழ்த்த அந்த வடிவம் 'இன்வெர்டட் எல்' எனப்பட்டது.

கைப்பேசியிலும் அதே நெருக்கடிதான். 900 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 8 செ.மீ.; உறைக்குள் கிடைக்கும் உயரமோ சில மில்லிமீட்டர். மடக்கினால் இடம் போதும். ஆனால் தரைத்தளத்தை (கிரவுண்ட் பிளேன்) ஒட்டிக் கிடக்கும் கம்பியின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) மிகவும் தாழ்ந்துவிடும். 50 ஓம் சுற்றோடு அது பொருந்தாது. தீர்வு இன்னொரு கால். ஓரத்துக் காலைத் தரைத்தளத்தோடு இணைத்து, சற்று உள்ளே தள்ளி இரண்டாம் காலின் வழியே மின்சமிக்ஞையைச் செலுத்தினால், அந்த இடைவெளியை மாற்றியே 50 ஓமுக்குக் கொண்டுவரலாம். எஃப் எழுத்தைக் குப்புறப் படுக்க வைத்தது போன்ற இந்த வடிவத்தை, 1950களின் இறுதியில் ஏவுகணைகளுக்காக ஹார்வர்டில் ரொனால்ட் கிங் குழுவினர் ஆராய்ந்தார்கள்.

'பிளேனர்' கடைசியாக வந்த அடைமொழி. மெல்லிய கம்பி குறுகிய அலைவரிசைக்கே இசையும்; அதை அகலத் தகடாக்கியதும் அலைவரிசை விரிந்தது. 1998இல் நோக்கியா 8810 ஆன்டெனாவை உறைக்குள் மறைத்தது. அதன்பின் வந்த கைப்பேசிகளில் இத்தகைய தகடுகள் பெருகின.

கிடையாக மடக்கியது, கால் சேர்த்தது, தகடாக அகட்டியது என்ற மூன்று விடைகளும் இந்தப் பெயருக்குள் இருக்கின்றன. வகுப்பில் 'பிஃபா' என்று சுருக்கிச் சொல்லும் ஆசிரியர்கள் பெயரை ஒருமுறை விரித்துச் சொன்னால், மாணவர்கள் படத்தைத் தாமே வரைந்துவிடுவார்கள்.