அரங்கத்து ஆரோக்கியசாலை: நாவற்பழக் கதையும் சகம் 1415-ஆம் ஆண்டுக் கல்வெட்டும்

திருவரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. அது வந்த வரலாற்றைக் கேட்டால் கோயில் வழக்கு ஒரு நோய்க்கதையைச் சொல்கிறது. ஒரு நாள் பெருமாளின் திருமுகம் வாடியிருக்கக் கண்ட உடையவர், அதாவது இராமானுசர், காரணம் விசாரித்தார். தயிரமுதோடு நாவற்பழமும் அமுது செய்விக்கப்பட்டது தெரியவந்தது. திருமேனிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானித்து, தன்வந்திரியை எழுந்தருளப்பண்ணி, இரவில் கஷாயமும் பாலும் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்தார். இராமானுசர் செய்த சீர்திருத்தங்களின் வரிசையில் தன்வந்திரி எம்பெருமானையும் மருத்துவர் கருடவாகன பண்டிதரையும் கோயிலொழுகு சேர்த்தே வைக்கிறது. திருவரங்கத்து மருத்துவத்தைப் பற்றிப் பின்னால் எழுதியவர்களில் பலர் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டனர். முதலில் பெருமாளுக்கு நோய், அதனால் தன்வந்திரி, தன்வந்திரியை ஒட்டி ஆரோக்கியசாலை என்பது அவர்கள் காட்டும் முறை. இந்த முறை தலைகீழானது என்பது என் கருத்து.

ஒழுகை மறுப்பதற்கு முன் அதன் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். அது ஒருவர் ஒரே காலத்தில் எழுதிய நூலன்று. கோயிற் கணக்கும் நடைமுறையும் பல தலைமுறைக் கைகளால் சேர்ந்து திரண்ட தொகுப்பு. வி.என். ஹரிராவ் 1961-இல் அதை ஆங்கிலத்தில் வரலாற்றுக் குறிப்புகளோடு வெளியிட்ட பிறகு, கல்வெட்டோடு ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் வளர்ந்தது. அப்படிப் படித்தால் ஒன்று கண்ணில் படும். கோயிலில் நிலைபெற்றுவிட்ட எந்த ஒழுங்குக்கும் உடையவர் பெயரால் தொடக்கம் காட்டுவது ஒழுகின் வழக்கம். அதில் பொய் சொல்லும் நோக்கம் இல்லை. கோயிற் பணி செய்யும் ஒரு கொத்துக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அக்காலத்தில் ஏற்கத்தக்க விடை அதுவாகவே இருந்தது. ஆகவே தன்வந்திரியும் பண்டிதரும் உடையவர் பகுதியில் வருவது, அந்த உரிமை பிற்காலத்தில் எவ்வளவு மதிப்புடையதாயிருந்தது என்பதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே என்ன இருந்தது என்பதற்கு அது தானாகவே சான்றாகிவிடாது.

கல்வெட்டுகள் வேறு வரிசையைக் காட்டுகின்றன. போசள வீர இராமநாதன் கொள்ளிடத்துக்கு வடக்கே கண்ணனூரிலிருந்து ஆண்டவன். அவனுடைய மூன்றாம் ஆட்சியாண்டில், 1257 வாக்கில், அவன் பிரதானிகளுள் ஒருவரான சிங்கண்ண தண்டநாயகர் திருவரங்கத்தில் ஆரோக்கியசாலை ஏற்படுத்திக் கருடவாகன பண்டிதரிடம் ஒப்படைத்தார். இராமானுசர் பரமபதித்ததாக மரபு சொல்லும் 1137-க்கு இது 120 ஆண்டு பிந்தியது. ஓர் அதிகாரி சாலை வைக்கிறார், ஒரு மருத்துவர் பொறுப்பேற்கிறார். பெருமாளின் உடல்நலக் குறைவுக்கு இங்கே இடமே இல்லை.

சகம் 1415-ஆம் ஆண்டுக் கல்வெட்டுதான் இந்தக் கட்டுரைக்கு அச்சாணி. சகம் 1415 சென்ற ஆண்டாகக் கொண்டால் அது பிரமாதீச வருடம், அதாவது 1493–94. நடப்பாண்டாகக் கொண்டால் ஓராண்டு முன்னே போய்ப் பரிதாபியில் விழும். 1493 என்று கொள்வதே வழக்கம், நானும் அதையே கொள்கிறேன். கருடவாகன பட்டர் என்னும் மறுபெயர் கொண்ட சீனிவாசர், தம் முன்னோர் போசளர் காலத்தில் நடத்தி, இடையில் அழிந்துபோன ஆரோக்கியசாலையைப் புதுப்பித்தார். அதில் தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளப்பண்ணினார் என்பது கல்வெட்டின் செய்தி.

செயல்கள் நடந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். புதுப்பிக்கப்பட்டது சாலை. புதிதாக எழுந்தருளியவர் தன்வந்திரி. முன்னோர் காலத்துக்கு உரியதாகச் சொல்லப்படுவதும் சாலையே. தன்வந்திரி முன்பே அங்கே இருந்து, படையெடுப்பில் மறைந்து, திரும்பி வந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் தெரியவில்லை. பழைய உரிமையை நிலைநாட்ட விரும்பும் ஒருவர் பழைய மூர்த்தியை மறப்பாரா? 1311, 1323 ஆகிய ஆண்டுப் படையெடுப்புகளுக்குப் பின் ஊர் ஊராக அலைந்து 1371-இல் விசயநகர அதிகாரி கோபண்ணர் முயற்சியால் மீண்ட அழகியமணவாளனை அரங்கம் எவ்வளவு உணர்ச்சியோடு நினைவில் வைத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மீண்டு வந்த தெய்வத்தை மீண்டு வந்ததாகவே சொல்லும் ஊர் அது. சீனிவாசரின் கல்வெட்டோ மீட்பைச் சாலைக்கு மட்டுமே சொல்கிறது. கல்வெட்டு சொல்லாததிலிருந்து வாதம் கட்டுவது பலவீனமான முறை என்று மறுப்பார்கள். பொதுவாக அது சரி. ஆனால் இங்கே சொல்லாமல் விட்டதால் இழப்பு, சொல்லியிருக்க வேண்டியவருக்கே. அதனால் இந்த மௌனத்துக்கு எடை கொடுக்கிறேன்.

ஆக, மனிதருக்கு மருந்து கொடுத்த சாலை முதலில் வந்தது. தெய்வம் அதற்குள் பின்னர் வந்தது. அப்படியானால் நாவற்பழக் கதையைத் தள்ளிவிடலாமா? கூடாது. சந்நிதியின் தொடக்கத்தை அது சரியாகச் சொல்லாவிட்டாலும், அந்தச் சாலையில் நோயை எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறது. கதையை மருத்துவர் கண்ணால் படித்துப் பாருங்கள். நோயாளி வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. முகத்தின் வாட்டம்தான் முதற்குறி. அடுத்த கேள்வி உணவைப் பற்றியது. தயிரும் பழமும் தனித்தனியே குற்றமற்றவை, நாள்தோறும் பலர் உண்பவை. இரண்டும் சேர்ந்த சேர்க்கையில்தான் காரணம் இருக்கிறது. எதிர்பாராத நோய்க்கு எதிர்பாராத காரணத்தைத் தேடும் முறை இது.

இந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம் 26-ஆம் அத்தியாயம் முரண் உணவுகளை அடுக்குகிறது. பாலோடு சேர்க்கக்கூடாத பழங்களின் பட்டியலில் நாவல் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் எந்தப் பழமும் பாலோடு ஆகாது என்று விலக்குகிறது. இரவில் தயிர் உண்ணலாகாது என்பது இரண்டு நூல்களுக்கும் பொது. கதையில் நாவலோடு வருவது தயிர், நூலில் பால். இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் முடிவில் இரவுப் பால் வருகிறது. இரவுத் தயிருக்கு உள்ள தடையும் நாவலுக்கும் பாலுக்கும் உள்ள பகையும் வாய்வழக்கில் ஒன்றாய்க் கலந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இதற்கு நேர்ச்சான்று கிடையாது. ஆனாலும் நாவல் என்ற குறிப்பிட்ட பழம் தற்செயலாக வந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாழையோ மாவோ பலாவோ வந்திருக்கலாம். கோயிலில் அவைதாம் மிகுதி. மருத்துவ நூலை மனப்பாடம் செய்த வீட்டில் உருவான கதை இது. அரங்கத்தில் அப்படிப்பட்ட வீடு கருடவாகனர் வீடு.

காவிரிக் கரையில் சரகம் ஓதப்பட்டதா என்ற ஐயமும் வேண்டாம். விக்கிரம சோழன் காலத்தில், 1121-இல், திருவாவடுதுறை மடத்தில் உணவளிக்கப்பட்டவர்களுள் சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் பயின்றவர்கள் இருந்தனர் என்று அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. மரபுக் கணக்குப்படி அது இராமானுசர் வாழ்ந்த காலம். கதை உடையவர் காலத்திலேயே பிறந்தது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. பிறப்பதற்கு வேண்டிய கல்வி அப்போதே இந்த ஆற்றங்கரையில் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அரிய நோய்க்கு அக்காலச் சாலைகள் உண்மையில் ஆயத்தமாக இருந்தனவா? அரங்கத்துக் கல்வெட்டுகளில் மருந்துப் பட்டியல் இல்லை. பட்டியலுக்குத் திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். வாலாசாபாத்துக்கு அருகே, பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடத்தில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஏறக்குறைய 1068–69-ஐச் சேர்ந்தது, இருக்கிறது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் பதிப்பித்தார். வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை, 15 படுக்கை, ஆலம்பாக்கத்துச் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மருந்தும் விறகும் கொண்டுவருவோர், மருந்து அடும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் என்று விவரம் நிறைந்த கல்வெட்டு அது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். இவையெல்லாம் அறிந்த செய்திகள். நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது ஓராண்டுக்கு இருப்பு வைக்கச் சொன்ன மருந்துகளை.

தசமூல ஹரிதகி, கோமூத்திர ஹரிதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் போன்றவை அன்றாட நோய்க்கானவை. விமலையும் சுனேத்திரியும் கண்ணுக்கு. மண்டூகர வடிகம் என்று கல்லில் வருவது சரகம் பாண்டு நோய்க்குச் சொல்லும் மண்டூர வடகமாகவே இருக்க வேண்டும். இரும்புக் கிட்டத்தால் செய்வது. பல்லாதக ஹரிதகி சேங்கொட்டை சேர்ந்தது, கைதேர்ந்தவர் அல்லாதார் தொடக்கூடாத சரக்கு. இந்தப் பட்டியலில் புராண கிருதமும் இருக்கிறது. பழைய நெய். அதன் இடம் வேறு.

பத்தாண்டு பழகிய நெய்யையே சரக மரபு புராண கிருதம் என்கிறது. சுசுருதம் இன்னும் நீண்ட காலம் வைத்த நெய்யைத் தனிப்பெயர்களால் பிரிக்கிறது. உன்மாதம், வலிப்பு, நஞ்சு, தீராத தலைநோய் ஆகியவற்றுக்கு அதைக் கொடுப்பார்கள். பதினைந்து படுக்கை உள்ள சாலையில் இப்படிப்பட்ட நோயாளி என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று நெய்யைப் பழையதாக்க முடியாது. ஆகவே ஒருவர் இன்னும் நோய்ப்படாதபோதே, சில வேளை அவர் பிறப்பதற்கும் முன்பே, அவருக்கான மருந்தைப் பானையில் எடுத்து மூடிவைக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுச் செலவுக் கணக்கில் இதற்கும் இடம் ஒதுக்கியவர்கள் அரிய நோயை எண்ணித்தான் ஒதுக்கினார்கள். பதினோராம் நூற்றாண்டு நிறுவனம் ஒன்றைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த செய்திகளுள் ஒன்றாக இதைக் கருதுகிறேன். இந்தச் சாலை ஊர் முழுமைக்கும் உரியதன்று, கோயிலையும் அதன் கல்விச்சாலையையும் சார்ந்தோருக்கானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊராருக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அறுவை செய்வோருக்குச் சல்லியபோகம், நஞ்சு இறக்குவோருக்கு விஷஹரபோகம் என்று நிலம் விடப்பட்டதைச் சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. பாம்பு கடித்தவன் சாலையைத் தேடிப் போக நேரம் இருக்காது. அந்த மருத்துவன் ஊரிலேயே இருக்க வேண்டும். தஞ்சையில் குந்தவையார் நிவந்தம் அளித்த ஆதுலர்சாலையின் மருத்துவரும் சவர்ணன் என்றே குறிக்கப்படுகிறார். திருமுக்கூடல் மருத்துவரோடு ஒப்பிட்டால் இது குடிப்பெயராகலாம். மருத்துவம் குடிவழி இறங்கியதற்கு இது சோழர் காலத் தடம், கருடவாகனர் வரிசை போசள, விசயநகரக் காலத் தடம்.

இங்கேதான் வளர்ச்சியின் போக்கு தெரிகிறது. சோழர் காலச் சாலை மருந்தைப் பெயர் சொல்லி நிலைநிறுத்துகிறது. அரங்கத்துச் சாலை மருத்துவரைப் பெயர் சொல்லி நிலைநிறுத்துகிறது. அரசு கைமாறி, கோயில் சூறையாடப்பட்டு, இருப்பு வைத்த பானைகள் உடைந்த காலத்தில் பட்டியலால் பயனில்லை. பெயரும் படிப்பும் தாங்கிய குடும்பம் மிஞ்சினால் சாலையைத் திரும்ப எழுப்பலாம். 1257-க்கும் 1493-க்கும் இடையில் 236 ஆண்டுகள். சீனிவாசர் அதைச் செய்து காட்டினார். தன்வந்திரியை உள்ளே எழுந்தருளப்பண்ணியதும் அதே காப்புணர்ச்சியால்தான் என்று கொள்கிறேன். கட்டடத்தை இடிக்கத் துணிபவரும் நிவந்தத்தைப் பிடுங்கத் துணிபவரும் தெய்வம் இருக்கும் இடத்தில் சற்றுத் தயங்குவர். விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. நாளடைவில் சாலை மறைந்தது, சந்நிதி நின்றது, மனிதருக்குக் காய்ச்சிய கஷாயம் பெருமாளுக்கு உரியதாக நினைவில் நின்றது. ஒழுகைப் படித்தவர்கள் அந்தக் கடைசி நிலையையே முதல் நிலையாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்று அரங்கத்தில் ஒருவருக்குக் காரணம் தெரியாத நோய் வந்தால் காவிரியைத் தாண்டிப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேயும் பயிற்சி மருத்துவர் முதலில் முகத்தைப் பார்க்கிறார், பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். ஆய்வுக்கூடம் அதற்குப் பிறகுதான்.

முதல் கருடவாகனர் யார் என்பது தீரவில்லை. இராமானுசரின் அடியவராக ஒருவர் இருந்து, 1257-இல் பொறுப்பேற்றவர் அவர் வழியினராக இருக்கலாம். 1257-இன் பண்டிதரையே மரபு பின்னோக்கி உடையவரிடம் கொண்டு சேர்த்திருக்கலாம். திவ்யசூரிசரிதம் கருடவாகன பண்டிதர் இயற்றியதாக வழங்குவதால் சிக்கல் கூடுகிறது. அந்நூலின் காலத்திலேயே அறிஞர் வேறுபடுகின்றனர். ஆரோக்கியசாலைக்கு அதைச் சான்றாக்கினால் ஐயத்தை ஐயத்தால் நிறுவியதாகும். பெயர் குடும்பத்தில் பட்டமாகவே இறங்கியது என்பதைச் சீனிவாசரின் இரட்டைப் பெயர் காட்டுகிறது. எனவே கருடவாகனர் என்று பெயர் கண்ட இடமெல்லாம் ஒரே மனிதரைக் காண்பது தவறு. 1257-இன் பண்டிதருக்கு முன்னால் இப்போதைக்கு உறுதியான படி ஏதும் இல்லை.