பற்று யார் பெயரில்

பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் இடையே ஒரு சமநிலை வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற வாசகம். பயங்கரவாதம் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், ஸ்தாபனங்களைச் சந்தேகிப்பதையே தொழிலாகக் கொண்ட நம் எழுத்தாள நண்பர்கள்கூட இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தால் கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் வங்கி குமாஸ்தா. கணக்கு என்றதும் எனக்கு எழுகிற முதல் கேள்வி, பற்று யார் பெயரில், வரவு யார் பெயரில் என்பது. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பழைய சேலம் ஜில்லாவின் (நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது) சரித்திரத்தில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

உப்பிலிருந்து தொடங்கலாம். கடற்கரை உப்பைப் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிப் பிழைத்தவர்கள் உப்புக் குறவர்கள். உப்பு சர்க்காரின் கைக்குப் போயிற்று. 1860களில் சேலத்துக்கு ரயில் வந்தது. பொதிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிழைப்புப் போனவர்கள் ஊர் ஊராக அலைந்தது சர்க்காருக்குக் குற்றத்தின் அறிகுறியாகப் பட்டது. 1871இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. என்ன செய்தாய் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டது. கைரேகை கொடுக்க வேண்டும். குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். இருப்பிடம் மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 1947இல் சென்னை மாகாணம் இதை ரத்து செய்தது. மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த என்று இன்னொரு சட்டம் வந்தது. இன்றும் சீர்மரபினர் பட்டியலில் அவர்கள் ‘சேலம் உப்புக் குறவர்’, ‘சேலம் மேல்நாட்டுக் குறவர்’ என்று நம் ஊர்ப் பெயரோடுதான் இருக்கிறார்கள். போலீஸ் பதிவேட்டில் இருந்த ‘கே.டி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் ‘கேடி’ என்று தமிழில் வசையாகவும் செல்லமாகவும் ஆகிவிட்டன. குழந்தையைக்கூட அப்படிக் கூப்பிடுகிறோம். கண்காணிப்பு நம் மொழிக்குள்ளேயே குடியேறிவிட்டதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். இந்தக் கணக்கில் நிம்மதியான தூக்கம் ஊராருக்கு வரவு. ராத்திரி எழுந்து ஆஜர் சொன்னவன் வேறொருவன்.

அடுத்த பக்கம் 1950. ஜனவரி 26 அன்று அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. 16 நாட்கள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறைக்குள் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபாரின் விவசாயப் போராட்டங்களில் பிடிபட்டவர்கள். தங்களைக் கிரிமினல்களைப் போல் நடத்தக் கூடாது, அரசியல் கைதிகளாக ஏற்க வேண்டும் என்று கேட்டவர்கள். ‘பயங்கரவாதி’ என்ற சொல் இன்று செய்கிற வேலையை அன்று ‘கம்யூனிஸ்ட்’ என்ற சொல் செய்துகொண்டிருந்தது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்த சமயம் அது. சர்க்காரின் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செத்தவர்கள் தெலங்கானாவில் இல்லை, பூட்டிய சுவர்களுக்குள் இருந்தார்கள்.

அதே மாதக் கடைசியில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. 1950 மார்ச் 1 என்கிற தேதியை நம் போன்ற பத்திரிகைக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை ராஜ்யம் அன்று இரண்டு காரியம் செய்தது. 1947 டிசம்பரிலிருந்தே காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் மீது புதிய சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வாரப் பத்திரிகை ராஜ்யத்துக்குள் வரக் கூடாது என்று இன்னோர் உத்தரவு. இரண்டும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. மே 19 அன்று கோபாலன் தோற்றார். மே 26 அன்று தாப்பர் ஜெயித்தார். இரண்டையும் விசாரித்தவர்கள் அதே ஆறு நீதிபதிகள். சென்னையிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி, விசாரணையில்லாக் காவல் ஒரு ஜனநாயக சாசனத்தில் விகாரமாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டு, ஆனாலும் சாசனத்திலேயே அதற்கு இடமிருக்கிறது என்று சட்டத்தை நிற்கவிட்டார். பத்திரிகையை விடுவித்த தீர்ப்பும் அவர் எழுதியதுதான். மனிதனை விடச் சொன்ன ஃபஸல் அலி, பத்திரிகையைத் தடுக்கலாம் என்றார். நேர்மையான இரண்டு பேர், ஒரே வாரத்தில், ஒரே தராசை எதிரெதிராகப் பிடித்தார்கள். தராசு என்கிற உருவகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போனது இதைப் படித்தபோதுதான். பத்திரிகைக்குக் கிடைத்ததும் நீடிக்கவில்லை. 1951 ஜூனில் முதல் சாசனத் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லைச் சேர்த்து, கோர்ட் திறந்த கதவை மறுபடி சாத்தியது.

அப்போது உள்துறை மந்திரி யார்? சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி. 1919இல் விசாரணையின்றி அடைக்கும் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய காந்திக்கு ஹர்த்தால் யோசனை உதித்தது சென்னையில் இதே ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது. 1951இல் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டித்தவரும், ஆட்சேபகரமான விஷயங்களுக்கான பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர். இதை வேஷம் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். அவர் வேஷதாரி அல்ல என்பதுதான் நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டிய விஷயம். பற்றுப் பக்கத்தில் இருந்தபோது அவர் பார்த்தது வேறு. வரவுப் பக்கத்து நாற்காலியிலிருந்து தெரிந்தது வேறு. ஒரு வருஷத்துக்கு என்று வந்த அந்தச் சட்டம் 1969 முடிய இருந்தது. பிறகு 1971இல் மிசா, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1982இல் நம் ராஜ்யத்தின் குண்டர் சட்டம், 1985இல் தடா, 2002இல் பொடா.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று வாதாடுவது என் நோக்கம் இல்லை. 1993 ஏப்ரல் 9 அன்று, மேட்டூர் கொளத்தூருக்கு அப்பால், பாலாற்றருகே வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அந்தச் சாவு நிஜம். அதற்குப் பிறகு தடா சட்டத்தில் பிடிக்கப்பட்டு மைசூர்ச் சிறையில் வருஷக்கணக்காகக் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட மலைக் கிராமத்து ஜனங்களில் பெரும்பாலோர் 2001இல் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அவர்கள் இழந்த வருஷங்களும் நிஜம். வீரப்பனோ 2004 வரை காட்டில்தான் இருந்தான். அந்த வருஷங்களை விலையாகக் கொடுத்து யாருக்கு என்ன பாதுகாப்பு வாங்கினோம்?

2017 ஜூலையில் சேலத்தில், நெடுவாசல் போராட்டத்தை ஆதரித்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவியைக் குண்டர் சட்டத்தில் வைத்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, கோபாலன் வழக்குக் காலத்துப் பார்வையைப் புதைத்தார்கள். அந்தப் பெண் அன்று சிறையில் இருந்தாள். செப்டம்பரில் ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. டெல்லியில் எழுதப்படுகிற சுதந்திரம் சேலம் வந்துசேர எடுத்துக்கொள்ளும் காலம் 1950இலிருந்து பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

என் மேசைக்கே வருகிறேன். 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனை விவரம் எங்களிடமிருந்து டெல்லிக்குப் போகிறது. பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கவும்தான் இந்த ஏற்பாடு. கைரேகையும் ஆதார் எண்ணும் கேட்பது எனக்கு அன்றாட வேலை. லாரி அதிபர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார். வேலையில் தேய்ந்துபோன விரலை இயந்திரம் ஏற்காமல் மூன்றாம் முறை துடைத்துத் துடைத்து வைக்கிற கிழவிதான் தான் தானே என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறாள். பயம் எல்லோருக்கும் பொதுவானது என்கிறார்கள். அதன் செலவை ஏற்கிறவர்கள் பட்டியல் 1911இலிருந்து அநேகமாக ஒரே பட்டியல்தான்.

தராசைத் தூக்கி வருகிற நண்பர்கள் பற்றுப் பக்கத்தில் முதலில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கட்டும். கேட்டுக்கொள்கிறேன்.