ஒரு கடல், இரண்டு மந்திரிகள்

1908 ஜூலை 7. திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பை வாசித்தார். ராஜத்துரோகமாகப் பேசியதற்காக வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தீவாந்தரம். சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு ஆயுள் தீவாந்தரம். சிவாவுக்குப் பத்தாண்டு. சிதம்பரம் பிள்ளைக்கு அப்போது முப்பத்தாறு வயதுகூட நிறையவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று, லண்டனிலிருந்து வைஸ்ராய் மிண்டோவுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. அந்தத் திருநெல்வேலி ஆட்கள் இருவருக்கும் கொடுத்த தண்டனை எந்த விதத்திலும் நியாயமில்லை, அது நிற்கக் கூடாது, இப்படிப்பட்ட கொடுமைக்குத் தன்னால் வக்காலத்து வாங்க முடியாது என்று எழுதியவர் பொரிந்து தள்ளியிருந்தார். ஒழுங்கைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் அளவுமீறிய கடுமை கொண்டுபோய் விடுகிற இடம் வெடிகுண்டுதான் என்றும் எச்சரித்திருந்தார்.

எழுதியவர் காங்கிரஸ் அனுதாபி யாரோ அல்ல. பெயர் ஜான் மார்லி. பிரிட்டிஷ் அமைச்சரவையின் மூத்த தலைகளில் ஒருவர். கிளாட்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை மூன்று பாகமாக எழுதியவர். ஏறத்தாழ முப்பது கோடிப் பேரின் தலைவிதியைத் தன் இலாகாவில் வைத்திருந்த இந்தியா மந்திரி. அவ்வளவு பெரிய மனிதர் ஏன் தனக்குக் கீழே இருப்பவரிடம் மன்றாடிக் கடிதம் எழுத வேண்டும்? ஓர் உத்தரவு போட்டால் ஆகாதா?

இதற்குப் பதில் வேண்டுமானால் அந்த நாற்காலி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ‘செகரட்டரி’ என்பவர் ஆதியில் ராஜாவின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டவர், அவ்வளவுதான். ராஜாவின் அதிகாரம் தேய்ந்து பாராளுமன்றத்தின் அதிகாரம் வளர வளர, கடிதம் எழுதியவர் கட்டளையிடுகிறவராக மாறினார். 1782-ல் உள்நாட்டுக்கு ஒருவர், வெளிநாட்டுக்கு ஒருவர் என்று வேலை பிரிந்தது. பிறகு போருக்கும் குடியேற்ற நாடுகளுக்குமாக ஒருவர் வந்தார். 1854-ல் அவரும் இரண்டானார். 1858-ல், சிப்பாய்க் கலகத்துக்குப் பின் கம்பெனி ஆட்சியை முடித்தபோது ஐந்தாவதாக முளைத்தவர்தான் இந்தியா மந்திரி. முதலில் அமர்ந்தவர் ஸ்டான்லி பிரபு. துணைக்குப் பதினைந்து பேர் கொண்ட ஆலோசனை சபை.

இந்த மந்திரியின் சம்பளத்தில்தான் விஷயமே இருக்கிறது. மற்ற மந்திரிகளுக்குப் பிரிட்டிஷ் கஜானா படியளந்தது. இந்தியா மந்திரிக்கும் அவருடைய அலுவலகத்துக்கும் மட்டும் 1919-ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்திய வருவாயிலிருந்துதான் பணம் போயிற்று. தூத்துக்குடி அளத்து உப்பின் வரியும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. இது வெறும் கஞ்சத்தனம் அல்ல. ஒரு மந்திரியின் சம்பளத்துக்கு ஓட்டுப் போடும்போதுதான் பாராளுமன்ற உறுப்பினர்கள் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பிடி இல்லாததால் இந்திய விவகாரம் ஆண்டுக்கொருமுறை, கூட்டத்தொடரின் கடைசியில், காலி பெஞ்சுகளுக்கு முன்னால் பேசி முடிக்கப்பட்டது. கேட்பார் இல்லாத மந்திரிக்குச் சர்வாதிகாரம் அல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. தட்டிக் கேட்கும் பாராளுமன்றம் பின்னால் நிற்காத மந்திரியின் பேச்சை ஐ.சி.எஸ். துரைமார் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

மன்னார் வளைகுடாவில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. ஒரே கடல், அதற்கு இரண்டு மந்திரிகள். தூத்துக்குடிப் பக்கத்துத் தோலாயிரம் பார் முதலிய முத்துப் பார்கள் (முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகள்) சென்னை சர்க்கார் வழியாக இந்தியா மந்திரிக்கு அடக்கம். மன்னார் பக்கத்துப் பார்கள் கொழும்பு வழியாகக் குடியேற்ற நாடுகளின் மந்திரிக்கு அடக்கம். குளிக்கிற ஆள் இரண்டு கரைக்கும் போய் வந்தவர்தான். கல்லைக் காலில் கோத்து, மூச்சைப் பிடித்து இறங்கி, கூடையை நிரப்பி, கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். சாயங்காலம் தோணி கரை சேர்ந்ததும் சிப்பியை மூன்று குவியலாகக் கொட்டுவார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று அன்றிரவே ஏலம் போகும். 1905-ல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், இலங்கை சர்க்காருக்கு மட்டும் 25 லட்சம் ரூபாய் போலக் கிடைத்தது. மறு வருடமே ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று இருபது வருடக் குத்தகைக்கு லண்டன் கம்பெனி ஒன்று இலங்கைப் பார்களை எடுத்துக்கொண்டது. குடியேற்ற நாடுகளின் மந்திரியாக அப்போது இருந்த எல்ஜின் பிரபு முன்னாள் வைஸ்ராய். அவருக்குத் துணை மந்திரி இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில். 1907-க்குப் பிறகு சிப்பி விளையவில்லை, குத்தகைக் கம்பெனி நொடித்தது. கடலுக்குக் குத்தகைச் சீட்டு புரியாது போலும்.

அந்த 1906-ல்தான், அக்டோபர் 16 அன்று, சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, மூலதனம் பத்து லட்சம். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஓடியாடி உழைத்தவர் சிதம்பரம் பிள்ளை. வாங்கிய கப்பல்கள் கேலியா, லாவோ. ஒவ்வொன்றும் சாதாரண வகுப்பில் 1,300 பேரையும் 4,000 மூட்டையையும் ஏற்றக்கூடியது. தூத்துக்குடியில் அப்போது கடல் ஆழமில்லாததால் கப்பல் சில மைல் தள்ளித்தான் நின்றது. ஆளையும் சரக்கையும் தோணியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. அதுவரை கொழும்பு வழித்தடத்தைத் தன் கையில் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக்காரர்களும் குறைத்தார்கள். கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாக ஏற்றி, ஏறுகிறவர்களுக்குக் குடையும் கொடுத்தது என்று தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள்.

வியாபாரப் போட்டி மட்டும் என்றால் சர்க்கார் சும்மா இருந்திருக்கலாம். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கியதும் நிலைமை மாறியது. மார்ச் 12 அன்று சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். கலெக்டர் விஞ்ச், தூத்துக்குடியில் அவருக்குக் கீழே ஆஷ், சென்னையில் கவர்னர் லாலி, கல்கத்தாவில் மிண்டோ என்று நீண்ட அதிகார ஏணியின் உச்சியில் மார்லி உட்கார்ந்திருந்தார். தந்திக் கம்பி 1870-லேயே லண்டனை எட்டிவிட்டது. சேதி அன்றன்றைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் களத்தில் இருக்கும் அதிகாரியைக் கைவிட்டால் ஆட்சியின் மதிப்பு போய்விடும் என்ற வாதம் ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒலித்தது. மார்லி அதை வெறுத்தார்; ஆனால் மீறவில்லை.

அவருக்காக ரொம்பவும் இரக்கப்படத் தேவையில்லை. 1907-ல் லாலா லஜபதி ராயை விசாரணையின்றி மாண்டலேக்கு அனுப்பியதைப் பாராளுமன்றத்தில் நின்று நியாயப்படுத்தியவர் இவர்தான். 1908 ஜூனில் பத்திரிகைகளின் கழுத்தை நெரித்த சட்டம் வந்ததும் இவர் காலத்தில்தான். கொள்கைக்காகப் பதவியைத் தூக்கியெறியத் தெரியாதவரும் அல்ல: 1914 ஆகஸ்டில் ஜெர்மனியோடு போர் என்றதும் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். திருநெல்வேலித் தீர்ப்புக்கு ஒரு கடிதம் போதும் என்று நினைத்துவிட்டார்.

தண்டனை குறைந்தது உண்மை. ஆனால் அது மந்திரியின் உத்தரவால் அல்ல, அப்பீலில். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆயுளை ஆறு ஆண்டாக்கியது. சிதம்பரம் பிள்ளை கோவைச் சிறையில் செக்கிழுத்தார், கண்ணூரிலும் அடைபட்டார். இதற்கிடையே 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனின் துப்பாக்கி ஆஷைச் சாய்த்தது. அதே வருடம் கப்பல் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் சிதம்பரம் பிள்ளை வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமமான சன்னதும் இல்லை. மார்லி 1917-ல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு அந்த ஜூலைக் கடிதத்தையும் அச்சில் சேர்த்தார். சன்னது திரும்பக் கிடைத்தது வேறொரு வெள்ளைக்காரரால்: திருநெல்வேலியில் பிள்ளையை அறிந்திருந்த நீதிபதி வாலஸ். நன்றிக்காகத் தன் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் சிதம்பரம் பிள்ளை.

(தொடரும்)